ஒடூவில் விலையும் கழிவும் பிழைத்து வந்தால்: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

கடை விற்பனையை நடத்த உதவுகிற ஒடூ (Odoo) மென்பொருளில் ஒரு பொருளுக்கு சைஸ், துணி, நிறம் என்று அட்ரிபியூட் (பண்பு) வைத்து, அதற்கேற்ப விலையும் கழிவும் தானாக வரச் செய்யலாம். யாழ்ப்பாணத்தில் புடவைக்கடையோ இரும்புக்கடையோ வைத்திருக்கிறவர்களுக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கிற வசதி. ஆனால் போட்ட விலை ஒன்று, பில்லில் வருவது இன்னொன்று என்று ஆகும்போது கனபேர் முதலில் எண்களில் கை வைக்கிறார்கள். கூடுதல் விலையை ஏற்றுவார்கள், கழிவைக் குறைப்பார்கள், அந்த ஒரு பில் சரியாக வந்துவிடும், அடுத்த வாடிக்கையாளருக்குப் போடும்போது வேறு ஏதோ பிழைத்திருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பில்லில் உள்ள ஒரு வரியின் விலையை பிரைஸ்லிஸ்ட்டில், அதாவது விலை விதிகளின் பட்டியலில், உள்ள ஒரேயொரு விதிதான் தீர்மானிக்கிறது. அது எந்த விதி என்று தெரியும்வரை ஒரு எண்ணையும் மாற்ற வேண்டாம்.

விலை உருவாகும் வரிசை இதுதான். முதலில் பொருளின் விற்பனை விலை. அதோடு, தெரிவு செய்த அட்ரிபியூட்டுகளின் கூடுதல் விலை சேரும். அந்தத் தொகை பிரைஸ்லிஸ்ட்டுக்குள் போகும், அங்கே பொருந்துகிற விதிகளில் ஒன்று மட்டும் எடுக்கப்படும். பிறகு வற் போன்ற அரச வரி. கடைசியில் அந்த எண் கொட்டேஷனின் (வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற விலைக்கூற்றின்) வரியில் எழுதப்பட்டு அப்படியே நின்றுவிடும். கீழே உள்ள பிழைகள் எல்லாமே இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில்தான் விழுகின்றன.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். ஆண்கள் சேர்ட், விற்பனை விலை 2,400 ரூபாய். லினன் துணி என்றால் கூடுதலாக 600, எக்ஸ்எக்ஸ்எல் சைஸ் என்றால் கூடுதலாக 200. ஆக லினன் எக்ஸ்எக்ஸ்எல் சேர்ட் 3,200. நான் சொல்வது 16, 17, 18ஆம் பதிப்புகளுக்குப் பொருந்தும், வேறுபடுகிற இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். 'சோதனை' என்ற பெயரில் விதி எதுவுமே இல்லாத ஒரு வெறும் பிரைஸ்லிஸ்ட்டை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கொட்டேஷன் ஒன்றைத் திறந்து, அந்த பிரைஸ்லிஸ்ட்டைத் தெரிவு செய்து, பிழைத்த பொருளை ஒரே ஒரு எண்ணிக்கையில் போடுங்கள். 3,200 வந்தால் அட்ரிபியூட் பக்கம் சரி, பிழை பிரைஸ்லிஸ்ட்டிலோ அதற்குப் பிறகோ இருக்கிறது. 3,200 வராவிட்டால் பிரைஸ்லிஸ்ட்டைத் தொடவே வேண்டாம், பிழை பொருளில்தான். இந்தச் சின்னச் சோதனை தேடுகிற இடத்தைப் பாதியாக்கிவிடும்.

கூடுதல் விலை போட்டேன், பில்லில் வரவே இல்லை

சோதனை பிரைஸ்லிஸ்ட்டிலும் 2,400தான் வருகிறது என்றால், கூடுதல் விலையை எங்கே எழுதினீர்கள் என்று பாருங்கள். சில பதிப்புகளில் அட்ரிபியூட்டின் பொதுப் பட்டியலில் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் 'டிஃபோல்ட் எக்ஸ்ட்ரா பிரைஸ்' எழுத இடம் இருக்கும். அது இனிமேல் சேர்க்கப்போகும் பொருட்களுக்குத்தான் ஆரம்பத் தொகையாகப் போகும், ஏற்கெனவே அந்த அட்ரிபியூட்டைச் சேர்த்து வைத்திருக்கிற பொருட்களில் தானாக மாறாது. பொருளைத் திறந்து 'அட்ரிபியூட்ஸ் அண்ட் வேரியன்ட்ஸ்' தாளுக்குப் போங்கள். ஒவ்வொரு அட்ரிபியூட் வரியின் முடிவிலும் 'கொன்ஃபிகர்' பட்டன் இருக்கும், அதற்குள் இருக்கிற தொகைதான் உண்மையில் பேசுகிறது. அங்கே பூச்சியம் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

சோதனையில் 3,200 வருகிறது, வாடிக்கையாளருடைய பிரைஸ்லிஸ்ட்டில் மட்டும் 600உம் 200உம் காணாமல் போகின்றன என்றால், விதியின் வகையைப் பாருங்கள். அனேகமாக அது நிலையான விலை, அதாவது 'ஃபிக்ஸ்ட் பிரைஸ்' விதியாக இருக்கும். சேர்ட்டுக்கு 2,200 என்று நிலையான விலை போட்டால் பருத்தி மீடியமும் 2,200, லினன் எக்ஸ்எக்ஸ்எல்லும் 2,200. அட்ரிபியூட்டின் கூடுதல் விலை இந்த விதிக்குள் போவதே இல்லை, விதி முழு விலையையும் தூக்கிவிட்டுத் தன் எண்ணை வைக்கிறது. இது பழுது இல்லை, அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மொத்த வியாபாரிகளுக்கு விலை குறைக்க நினைத்து நிலையான விலை போட்டுவிட்டு, லினன் சேர்ட்டைப் பருத்தி விலைக்கு வித்துக்கொண்டிருக்கிற கடைகளுக்கு இது சின்ன நட்டம் இல்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். திருத்துவது சுலபம்: விதியை வீதக் கழிவாக மாற்றுங்கள். 10 வீதம் என்றால் 3,200இல் இருந்து கழிந்து 2,880 வரும், கூடுதல் விலைகள் உள்ளே இருக்கும். நிலையான விலைதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும், அதாவது லினன் எக்ஸ்எக்ஸ்எல் போன்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும், தனித்தனி விதி எழுத வேண்டும்.

கூடுதல் விலை காணாமல் போகிற இன்னொரு இடம், கொள்விலையை அடியாக வைத்த ஃபோர்முலா. 'பேஸ்ட் ஒன்' என்ற இடத்தில் 'கொஸ்ட்' இருந்தால் கணக்கு கொள்விலையில் தொடங்கும், விற்பனை விலைக்கான கூடுதல் தொகை அதில் சேராது. சேர்ட்டின் கொள்விலை 1,500, அதற்கு மேல் 40 வீதம் என்றால் எல்லாச் சேர்ட்டும் 2,100. லினனுக்குக் கொள்விலை வேறு என்றால் அந்த வேரியன்ட்டைத் திறந்து அதன் கொள்விலையை அங்கேயே எழுதுங்கள். கொள்விலை வேரியன்ட்டுக்கு வேரியன்ட் வேறாக இருக்கலாம், விற்பனை விலைதான் அப்படி இல்லை. 17ஆம் பதிப்பு வரை இலாபத்தைக் கூட்ட வேண்டும் என்றால் கழிவு இடத்தில் -40 என்று மறை எண்ணாக எழுத வேண்டும். அதை மறந்து 40 என்று எழுதினால் விலை 900க்கு இறங்கிவிடும்.

ஃபோர்முலா என்ற தெரிவே கண்ணில் படவில்லையா? 17 வரையான பதிப்புகளில் சேல்ஸ் செட்டிங்ஸில் பிரைஸ்லிஸ்ட்ஸ் என்பதற்குக் கீழே இரண்டு தெரிவு இருக்கும். 'அட்வான்ஸ்ட் பிரைஸ் ரூல்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால்தான் ஃபோர்முலா வரும்.

விலை பூச்சியமாக வருகிறது

மேலே சொன்ன கொள்விலை ஃபோர்முலாதான் இதற்கும் முதல் சந்தேக நபர். புதிதாக உருவான வேரியன்ட்டில் கொள்விலை எழுதப்படவில்லை, பூச்சியத்துக்கு எத்தனை வீதம் கூட்டினாலும் பூச்சியம்தான். ஃபோர்முலாவில் குறைந்தபட்ச மார்ஜினும் எழுதி வையுங்கள். கொள்விலைக்கு மேல் குறைந்தது 300 ரூபாய் என்று போட்டால், விலை அதற்குக் கீழே போகாது. கொள்விலையே எழுதாத வேரியன்ட் என்றால் 300 ரூபாயில் வந்து நிற்கும், அது கண்ணில் குத்துவதால் காசாளர் நிறுத்திக் கேட்பார்.

எக்செல்லில் சைஸ் வாரியாக விலை ஏற்றினேன், எல்லா சைஸும் ஒரே விலையாகிவிட்டன

வேரியன்ட்டுகளின் பட்டியலை எக்செல்லுக்கு இறக்கி, ஒவ்வொரு வரியிலும் விற்பனை விலையைத் திருத்தி, திரும்ப ஏற்றியிருப்பீர்கள். வேரியன்ட்டின் விற்பனை விலை தனியாகச் சேமிக்கப்படும் ஒன்று இல்லை. நீங்கள் 3,200 என்று எழுதினால் ஒடூ அதிலிருந்து கூடுதல் விலையைக் கழித்து, மீதியை எல்லா வேரியன்ட்டுக்கும் பொதுவான தாய்ப் பொருளின் விலையாக எழுதிவிடும். தாய்ப் பொருள் ஒன்றுதான், ஆகவே அடுத்த வரி வரும்போது முந்தியது அழியும், கடைசி வரி எல்லோருக்கும் விலையாகும். வேரியன்ட்டுகளுக்கிடையிலான விலை வித்தியாசத்தை அட்ரிபியூட்டின் கூடுதல் விலையாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரைஸ்லிஸ்ட் விதிகளாக ஏற்றலாம். ஏற்கெனவே குழம்பியிருந்தால் முதலில் தாய்ப் பொருளின் விலையை 2,400க்குக் கொண்டுவாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

இரண்டு கழிவு போட்டேன், ஒன்றுதான் வேலை செய்கிறது. அதுவும் சின்னக் கழிவு

எல்லா ஆடைகளுக்கும் 15 வீதம் என்று வகைக்கு ஒரு விதி. குறிப்பிட்ட இந்தச் சேர்ட்டுக்கு 5 வீதம் என்று இன்னொன்று. 20 வீதம் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், குறைந்தது 15ஆவது வரும் என்று நினைக்கிறீர்கள், பில்லில் 3,040 நிற்கிறது, அதாவது வெறும் 5 வீதம்.

ஒடூ விதிகளைக் கூட்டுவதில்லை, வாடிக்கையாளருக்கு எது இலாபம் என்றும் பார்ப்பதில்லை. எது மிகவும் குறிப்பானதோ அதை எடுக்கும். வேரியன்ட்டுக்கு எழுதிய விதி முதலில், பிறகு பொருளுக்கு எழுதியது, பிறகு வகைக்கு எழுதியது, கடைசியில் எல்லாப் பொருட்களுக்கும் எழுதிய பொது விதி. ஒரே படியில் பல விதிகள் இருந்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை பெரிதாக உள்ளது முன்னுக்கு வரும். எண்ணிக்கையோ திகதியோ பொருந்தாத விதியைத் தாண்டி அடுத்ததற்குப் போகும், பொருந்துகிற முதல் விதி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும். பட்டியலில் விதியை மேலே எழுதினீர்களா கீழே எழுதினீர்களா என்பதால் இந்தப் படிவரிசை மாறாது.

ஆகவே விதிகளின் பட்டியலைத் திறந்து, இந்தப் பொருளுக்குப் பொருந்தக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேலே சொன்ன படிவரிசையில் அடுக்குங்கள். தாளில் எழுதச் சொல்வது சும்மா இல்லை, திரையில் பத்து விதியை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். அனேகமாக ஒரு வருடத்துக்கு முன் யாரோ ஒரு வேரியன்ட்டுக்குப் போட்டு மறந்துபோன விதி ஒன்று உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

கழிவுக்கு மேல் கழிவு உண்மையாகவே வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 'திருவிழா' என்று ஒரு பிரைஸ்லிஸ்ட், அதில் ஆடைகளுக்கு 15 வீதம். 'மொத்தம்' என்று இன்னொரு பிரைஸ்லிஸ்ட், அதில் ஃபோர்முலா விதி ஒன்று எழுதி, அதன் அடியாக 'அதர் பிரைஸ்லிஸ்ட்' என்பதைத் தெரிந்து திருவிழாவைக் காட்டி, அதற்கு மேல் 5 வீதம் கழியுங்கள். 3,200 முதலில் 2,720 ஆகும், பிறகு 2,584 ஆகும். இது 20 வீதம் இல்லை என்பதைக் கடையில் நிற்கிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள், 20 வீதம் என்றால் 2,560 வந்திருக்கும், அந்த 24 ரூபாய்க்கு வாடிக்கையாளர் நிச்சயம் கேள்வி கேட்பார்.

டசினுக்குக் கழிவு, ஆனால் டசின் வாங்கினாலும் வரவில்லை

சாவகச்சேரியில் சின்னக் கடை வைத்திருக்கிற ஒருவர் மொத்தமாக எடுக்க வருகிறார். மீடியம் நாலு, லார்ஜ் நாலு, எக்ஸ்எல் நாலு. பில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, டசினுக்குப் பத்து வீதம் எண்டு சொன்னீங்கள், இதில ஒண்டையும் காணேல்லை" என்கிறார். "பொறுங்கோ தம்பி, பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு முதலாளி ஒவ்வொரு வரியிலும் கையால் 10 என்று அடிக்கிறார். இது தினமும் நடக்கிறது.

காரணம், குறைந்தபட்ச எண்ணிக்கை வரிக்கு வரி தனியாகப் பார்க்கப்படுகிறது. மூன்று சைஸ் என்றால் மூன்று வேரியன்ட், மூன்று வரி, ஒவ்வொன்றிலும் நாலு. பன்னிரண்டை எட்டிய வரி ஒன்றும் இல்லை. விதியைப் பொருளுக்கு எழுதினாலும் வகைக்கு எழுதினாலும் இதே கதைதான், பிரைஸ்லிஸ்ட் வரிகளைக் கூட்டிப் பார்க்காது.

கூட்டிப் பார்க்கக்கூடியது புரொமோஷன் திட்டம். சேல்ஸ் செட்டிங்ஸில் 'டிஸ்கவுண்ட்ஸ், லோயல்டி அண்ட் கிஃப்ட் கார்ட்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, புரொமோஷன் ஒன்றை உருவாக்குங்கள். நிபந்தனையில் குறைந்தபட்ச எண்ணிக்கை 12, எந்தப் பொருட்கள் என்பதை வகையாலோ டேக்காலோ (பொருளில் போடுகிற அடையாளச் சொல்லாலோ) சொல்லுங்கள். வெகுமதியில் 10 வீதக் கழிவு, 'ஸ்பெசிஃபிக் புரொடக்ட்ஸ்' என்று தெரிந்து அதே வகையைக் கொடுங்கள். முழு ஓடருக்கும் என்று விட்டால், சேர்ட்டோடு சேர்த்து எடுத்த வேட்டிக்கும் கழிவு போய்விடும். கொட்டேஷனில் 'புரொமோஷன்ஸ்' பட்டனை அழுத்தினால் கழிவு தனி வரியாக, மறைத் தொகையில் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: புரொமோஷன் பிரைஸ்லிஸ்ட்டுக்கு மேலே வந்து உட்காரும். பிரைஸ்லிஸ்ட்டிலும் 10, புரொமோஷனிலும் 10 என்றால் இரண்டும் கழியும். டசின் கழிவைப் புரொமோஷனுக்கு மாற்றினால் பிரைஸ்லிஸ்ட்டில் உள்ள டசின் விதியை அன்றே எடுத்துவிடுங்கள்.

ஒரே வரியில் பன்னிரண்டு இருந்தும் வரவில்லை என்றால் அலகைப் பாருங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை பொருளின் அடிப்படை அலகில்தான் எண்ணப்படும். பொருளின் அலகு தனி உருப்படி என்றால் ஒரு டசினுக்கு 12 என்று எழுத வேண்டும், அலகே டசின் என்றால் 1 என்று எழுத வேண்டும். அங்கே 12 இருந்தால் 144 சேர்ட் எடுத்தால்தான் கழிவு கிடைக்கும்.

லினனுக்கு மட்டும் கழிவு கொடுக்க வேண்டும், அப்படி ஒரு தெரிவே இல்லை

தேடிக் களைக்க வேண்டாம், உண்மையாகவே இல்லை. பிரைஸ்லிஸ்ட் விதியை எல்லாப் பொருட்களுக்கும், வகைக்கும், பொருளுக்கும், வேரியன்ட்டுக்கும் எழுதலாம், அட்ரிபியூட்டின் பெறுமானத்துக்கு எழுத முடியாது. கூடுதல் விலையும் ரூபாயில்தான் எழுதலாம், லினனுக்கு 25 வீதம் கூட என்று அங்கே எழுத இடமில்லை. அட்ரிபியூட் வைத்து விலை போடுகிற எவரும் ஒருநாள் இந்தச் சுவரில் முட்டுவார்கள். என்னைக் கேட்டால் ஒடூவில் மிகவும் குறைவாகத் தெரிவது இந்த இடம்தான், ஏனென்றால் கடைக்காரர் கழிவை நினைக்கிற விதமே அப்படி: "பழைய லினன் எல்லாத்துக்கும் இருபது வீதம்."

லினன் வேரியன்ட்டுகள் ஐந்தாறு என்றால் ஒவ்வொன்றுக்கும் விதி எழுதிவிடுங்கள், அதுதான் தெளிவானது. நூற்றுக்கணக்கில் என்றால் டேக் வழி நல்லது. லினன் வேரியன்ட்டுகளைப் பட்டியலில் வடிகட்டி எடுத்து, எல்லாவற்றுக்கும் 'லினன்' என்று ஒரு டேக் போட்டு, புரொமோஷன் திட்டத்தில் அந்த டேக்கைக் கொடுங்கள். டேக்கை வேரியன்ட்டில் போட வேண்டும். தாய்ப் பொருளில் போட்டால் பருத்திச் சேர்ட்டும் சேர்ந்து கழிவு வாங்கும். லினன் கடையின் பெரிய பகுதி என்றால் அதைத் தனிப் பொருளாகவும் தனி வகையாகவும் பிரித்துவிடுவது நீண்ட நாளைக்கு நல்லது, பிறகு கழிவு, இருப்பு, இலாப அறிக்கை எல்லாமே சுலபமாகும்.

விதி எழுதப் போகும்போது வேரியன்ட் பட்டியலில் நீங்கள் தேடுகிற வேரியன்ட் இல்லையா? அந்த அட்ரிபியூட்டின் 'வேரியன்ட் கிரியேஷன்' என்ன என்று பாருங்கள். 'இன்ஸ்டன்ட்லி' என்றால் எல்லா வேரியன்ட்டும் உடனே உருவாகும். 'டைனமிக்கலி' என்றால் முதல் தடவை யாராவது ஓடர் செய்யும்போதுதான் உருவாகும், அதுவரை விதியும் எழுத முடியாது, பார்கோடும் போட முடியாது. 'நெவர்' என்றால் ஒருபோதும் உருவாகாது. நெவருக்கும் கூடுதல் விலை வேலை செய்யும் என்பதால் பலர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை, தனிக் கழிவு எழுதப் போகும்போதுதான் தெரியவரும். ஒரு பொருளிலாவது அட்ரிபியூட்டைப் பயன்படுத்திவிட்டால் இந்த வகையை மாற்ற விடாது, புதிய அட்ரிபியூட் ஒன்றைத்தான் உருவாக்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் இன்ஸ்டன்ட்லியில் வைக்கவும் வேண்டாம். ஆறு சைஸ், ஐந்து துணி, பன்னிரண்டு நிறம், மூன்று வகைக் கை என்றால் 1,080 வேரியன்ட். ஒரு பொருளுக்கு 1,000 என்பது வழக்கமான எல்லை, அதைத் தாண்டியதும் ஒடூ மறுத்துப் பிழைச் செய்தி காட்டும். இருப்பைத் தனியாக எண்ணாத ஒன்று, உதாரணத்துக்குச் சொன்ன பிறகு தைத்துக் கொடுக்கிற கை வகை, நெவராக இருக்கட்டும். 1,080 உடனே 360 ஆகிவிடும்.

நீளத்தை எழுதினேன், விலை பெருகவில்லை

இது இரும்புக்கடைக்காரர்களின் கேள்வி. அலுமினியச் சட்டத்துக்கு 'நீளம்' என்று அட்ரிபியூட், அதில் வாடிக்கையாளர் சொல்வதை எழுதக்கூடிய கஸ்டம் பெறுமானம். ஏழரை அடி என்று எழுதுகிறார்கள், விலை ஒரு அடிக்கான விலையிலேயே நிற்கிறது. கஸ்டம் பெறுமானத்தில் எழுதுவது வெறும் குறிப்பு, ஒடூ அதை எண்ணாக வாசிப்பதே இல்லை. அதற்குக் கூடுதல் விலை இருந்தால் அந்த ஒரே தொகை சேரும், என்ன எழுதினாலும்.

பொருளின் அலகை அடி என்று மாற்றி, நீளத்தை எண்ணிக்கை இடத்தில் எழுதுங்கள். அடி 450 ரூபாய், எண்ணிக்கை 7.5, தொகை 3,375. அகலமும் உயரமும் சேர்ந்த யன்னல், திரைச்சீலை போன்றவற்றுக்கு சதுர அடியை அலகாக வைத்து, நாலுக்கு ஐந்து என்றால் 20 என்று எழுதி, அளவுகளைக் கஸ்டம் பெறுமானத்தில் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், வெட்டுகிற ஆளுக்கு அது உதவும்.

திருவிழாக் கழிவு நள்ளிரவில் தொடங்க வேண்டும், காலை ஐந்தரைக்குத்தான் தொடங்குகிறது

நல்லூர்த் திருவிழா 25 நாளுக்கும் கழிவு என்று விதியில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் போட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் நேரமும் இருக்கிறது. ஒடூ எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, பயனரின் நேர வலயத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. விதியை எழுதியவரின் கணக்கில் நேர வலயம் கொழும்பு என்று இல்லாமல் பொது நேரத்தில் இருந்தால், அவர் எழுதிய 00:00 இங்கே காலை 5:30. முடிவும் அப்படியே தள்ளிப்போய், திருவிழா முடிந்த அடுத்த நாள் விடியும்வரை கழிவு ஓடும். பகலில் திறக்கிற கடைக்கு இது தெரியாமலே போகலாம், ஒன்லைனில் விற்கிறவர்கள் உடனே மாட்டுவார்கள். பயனர் விருப்பங்களில் நேர வலயத்தை ஆசியா கொழும்பு என்று மாற்றி, விதியைத் திறந்து நேரத்தைத் திரும்ப எழுதுங்கள்.

இதே கழிவில் இன்னொரு குழப்பம் வரும். திருவிழா தொடங்கிவிட்டது, இன்று சேர்க்கிற பொருளுக்குக்கூடக் கழிவு வரவில்லை. அந்தக் கொட்டேஷன் போன கிழமை திறந்ததா என்று பாருங்கள். விதி பொருந்துகிறதா என்பதைக் கொட்டேஷனின் திகதியை வைத்துத்தான் ஒடூ முடிவு செய்கிறது. பழைய கொட்டேஷனில் புதிய வரி சேர்த்தாலும் பழைய திகதிதான் கணக்கு. புதிதாக ஒன்றைத் திறப்பது சுலபம்.

விதியை மாற்றினேன், கொட்டேஷன் மாறவில்லை

மாறாது. வரியில் எழுதிய விலை அங்கேயே நிற்கும், வாடிக்கையாளருக்குச் சொன்ன விலை பின்னால் மாறக்கூடாது என்பதற்காக. மாற்றத்தான் வேண்டும் என்றால் பிரைஸ்லிஸ்ட்டுக்குப் பக்கத்தில் வருகிற 'அப்டேட் பிரைசஸ்' என்பதை அழுத்துங்கள். அழுத்துவதற்கு முன் யோசியுங்கள், கையால் கொடுத்த தனிக் கழிவுகளும் அதோடு போய்விடும். 17 வரை எண்ணிக்கையை மாற்றினாலே கையால் எழுதிய விலை அழிந்து பழையபடி விதி விலை வந்துவிடும், ஆகவே எண்ணிக்கையை முடிவு செய்த பிறகே விலையில் கை வையுங்கள். 18இல் கையால் எழுதியது நிற்கும்.

விலை குறைந்திருக்கிறது, கழிவு என்று பில்லில் காட்டவில்லை

17 வரை பிரைஸ்லிஸ்ட்டின் தாளிலேயே, கழிவை விலைக்குள் சேர்ப்பதா, மூல விலையையும் கழிவையும் வாடிக்கையாளருக்குக் காட்டுவதா என்ற தெரிவு இருக்கும். 18இல் அந்தத் தெரிவு இல்லை: வீதக் கழிவு விதி என்றால் கழிவு தெரியும், ஃபோர்முலா என்றால் குறைந்த விலை மட்டும் தெரியும். எந்தப் பதிப்பிலும் சேல்ஸ் செட்டிங்ஸில் டிஸ்கவுண்ட்ஸ் பெட்டியில் புள்ளடி இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு குறைத்தீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் சில்லறைக்குக் காட்டுகிற வழியையே வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 3,776 வருகிறது, அல்லது சதத்தில் முடிகிறது

3,776 என்பது 3,200க்கு மேல் 18 வீத வற். 2024 ஜனவரி முதல் இலங்கையில் வற் 18 வீதம். விலைச் சீட்டில் 3,200 என்று ஒட்டியிருக்கிறீர்கள், அதற்குள் வற் அடக்கம் என்றால், வரியின் அமைப்பில் 'இன்க்ளூடட் இன் பிரைஸ்' என்று இருக்க வேண்டும். அப்போது 3,200 அப்படியே நிற்கும், அதற்குள் 2,711.86 பொருள் விலை, 488.14 வரி. வற் பதிவு இல்லாத கடை என்றால் பொருட்களில் அந்த வரியே இருக்கக்கூடாது, எடுத்துவிடுங்கள்.

சதத்துக்கு ஃபோர்முலாவில் ரவுண்டிங் இருக்கிறது. 10 என்று எழுதினால் விலை பத்தின் மடங்குக்கு வரும். ஆனால் அது கீழே இறக்குவதில்லை, கிட்டிய எண்ணுக்குப் போகும். 3,200இல் 7 வீதம் கழித்தால் 2,976, ரவுண்டிங் 10 என்றால் 2,980, 50 என்றால் 3,000. ஏழு வீதம் என்று எழுதி ஒட்டிவிட்டு 6.25 வீதம் கொடுப்பது சரியில்லை, 50ஐத் தவிருங்கள். வரி விலைக்கு வெளியே இருந்தால் ரவுண்டிங் வரிக்கு முன்னால் நடக்கும், பிறகு வரி வந்து சேர்ந்து திரும்பவும் சதம் முளைக்கும், ஆகவே முதலில் மேலே சொன்ன வரி அமைப்பைச் சரி செய்யுங்கள்.

உச்ச சில்லறை விலை அச்சிட்ட பொதிப் பொருட்கள் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்ரிபியூட்டின் கூடுதல் விலையும் ரவுண்டிங்கும் சேர்ந்து அச்சிட்ட விலையைத் தாண்டினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அது குற்றம். கம்பியூட்டர் போட்ட விலை என்று சொல்லித் தப்ப முடியாது, அந்தப் பொருட்களுக்குக் கூடுதல் விலை வைக்காதீர்கள்.

கொட்டேஷனில் சரி, காசாளரின் திரையில் பழைய விலை

பொயின்ட் ஒஃப் சேல் திரைக்கு எந்தெந்த பிரைஸ்லிஸ்ட் போக வேண்டும் என்று அதன் செட்டிங்ஸில் தனியாகச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளரின் பெயரில் பிரைஸ்லிஸ்ட் இருந்தால் மட்டும் போதாது. அதுவும் சரி என்றால், திரை காலையில் திறந்தபோது எடுத்த விலைகளோடு ஓடிக்கொண்டிருக்கும். செஷனை மூடித் திரும்பத் திறந்து, லினன் எக்ஸ்எக்ஸ்எல் ஒன்றைப் போட்டு, தொகை கொட்டேஷனில் வந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்குங்கள்.